கொள்கையெல்லாம் கொறடாவிடம்

அமெரிக்க செனட்டர் ஒருவர் துப்பாக்கியைப் பற்றி என்ன நினைக்கிறார், கருக்கலைப்பைப் பற்றி என்ன சொன்னார், எந்த மசோதாவுக்கு எந்தத் தேதியில் எப்படி வாக்களித்தார் என்பதையெல்லாம் ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடி, டீ ஆறுவதற்குள் செல்போனில் பார்த்துவிடலாம். நாம் வெயிலில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டு அனுப்பிய சட்டமன்ற உறுப்பினர் எதைப் பற்றியாவது, என்றைக்காவது, என்ன நினைத்தார் என்று அதே செல்போனில் தேடிப் பாருங்கள். அவர் திறந்து வைத்த நிழற்குடை கிடைக்கும். கலந்துகொண்ட காதுகுத்து கிடைக்கும். தலைவருக்கு இவர் போட்ட சால்வை, தலைவர் இவருக்குப் போட்ட சால்வை இரண்டும் படத்தோடு கிடைக்கும். கருத்து மட்டும் கிடைக்காது.

கருத்தே இல்லாத மனிதராக இருக்க வாய்ப்பில்லை. வீட்டில் சாம்பாரில் உப்பு கூடினால் சொல்லியிருப்பார். கோட்டைக்குள் போகும்போதுதான் அதைச் செருப்போடு சேர்த்து வாசலில் விட்டுவிட்டுப் போகிறார். திரும்பி வரும்போது செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டு வருகிறார்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்ற இரண்டு ஊர்களில் வாழும் எங்களுக்கு இது புதிதில்லை. இரண்டுக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஒன்று பஞ்சாலை ஊர், இன்னொன்று ஆண்டாள் ஊர். மானிடர் யாருக்கும் வாழ்க்கைப்பட மாட்டேன் என்று ஒருத்தி சொன்ன சொல்லில் நின்ற மண் அது. அதற்குப் பிறகு அந்த வட்டாரத்தில் சொன்ன சொல்லில் நின்றவர்களை எண்ண ஒரு கை விரல் போதும். (ராஜபாளையத்துக்காரன் விசுவாசத்தைப் பற்றி எழுதினால் எங்கள் ஊர் நாயை உள்ளே இழுப்பான் என்று எதிர்பார்ப்பீர்கள். இழுக்கமாட்டேன். அதற்கு மானம் உண்டு.)

2023 ஏப்ரல் 21, வெள்ளிக்கிழமை. தொழிற்சாலைகள் சட்டத்துக்குத் தமிழ்நாட்டுத் திருத்தம் ஒன்று சட்டமன்றத்துக்கு வந்தது. எட்டு மணி நேர வேலை என்ற வரம்பைத் தளர்த்தி, பன்னிரண்டு மணி நேரம் வரை ஆளை நிறுத்தி வைக்க வழி செய்யும் திருத்தம். கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளியேறின. ஆனாலும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. அடுத்த திங்கட்கிழமை, 24-ஆம் தேதி, சட்டம் நிறுத்தி வைக்கப்படுவதாக அறிவிப்பு. மே 1, தொழிலாளர் தினத்தில், திரும்பப் பெறுவதாக முதலமைச்சரே அறிவித்தார்.

பத்தே நாள். வெள்ளிக்கிழமை அது முதலீட்டுக்கு நல்லது. திங்கட்கிழமை அதை நிறுத்தி வைத்தது ஜனநாயகத்துக்கு நல்லது. மே தினத்தன்று திரும்பப் பெற்றது தொழிலாளிக்கு நல்லது. ஒரே சட்டத்தால் மூன்று விதமான நல்லது நடந்த மாநிலம் உலகத்தில் வேறு உண்டா தெரியவில்லை. ஆளுங்கட்சி வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் முதலாவதற்கு ‘ஆம்’ என்றார்கள், மற்ற இரண்டுக்கும் ‘நன்றி’ என்றார்கள். இந்த மூன்று நாள்களில் எந்த நாளில் அவர்கள் தங்கள் மனதில் இருந்ததைச் சொன்னார்கள்?

ராஜபாளையம் அன்று ஆளுங்கட்சித் தொகுதி. 1936-இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கிய நாளிலிருந்து சங்குச் சத்தத்துக்கு எழுந்து சங்குச் சத்தத்துக்குப் படுத்த ஊர். எங்கள் தெருவில் ஸ்பின்னிங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணாச்சி இருக்கிறார். ரிங் ஃபிரேமுக்கு முன்னால் நடந்து நடந்தே முழங்கால் தேய்ந்தவர். பஞ்சுத் தூசு இன்னும் நெஞ்சில் இருப்பது அவர் இருமும்போது தெரியும். அந்த வாரம் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: “ஏன் தம்பி, நம்ம ஆளு அன்னைக்கு என்ன சொன்னான்? ஆமான்னானா, இல்லைன்னானா?”

“தெரியாது அண்ணாச்சி.”

“அவைக்கு வந்திருந்தானாவது?”

“அதுவும் தெரியாது.”

“யாரைக் கேட்டா தெரியும்?”

யாரைக் கேட்டாலும் தெரியாது. குரல் வாக்கெடுப்பில் பெயர்ப் பதிவு கிடையாது. ஆதரிப்போர் ஆம் என்க, எதிர்ப்போர் இல்லை என்க என்று பேரவைத் தலைவர் கேட்பார். ஒரு இரைச்சல் எழும். இரைச்சல் எந்தப் பக்கம் கூடுதல் என்று அவர் காது தீர்ப்புச் சொல்லும். எட்டு மணி நேரமா பன்னிரண்டு மணி நேரமா என்ற கேள்வி, ஒரு மனிதனின் தூக்கமும் பிள்ளையோடு இருக்கும் நேரமும் சம்பந்தப்பட்ட கேள்வி, அந்த இரைச்சலில் முடிந்துபோனது. யார் வாயிலிருந்து எது வந்தது என்று நாளைக்கு ஒரு பேரன் கேட்டாலும் பதில் இல்லை. அண்ணாச்சி பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “மில்லுல ஒரு நிமிஷம் லேட்டா போனாலும் கார்டுல சிவப்புல விழும் தம்பி” என்றார்.

*

1941 டிசம்பர் 8. ஜப்பான் மீது போர் அறிவிக்க அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை கூடியது. ஆதரவு 388. எதிர்ப்பு 1. அந்த ஒன்று ஜீனட் ரேங்கின் என்ற பெண். அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் பெண்ணும் அவரே. 1917-இல் முதல் உலகப் போருக்கு எதிராக வாக்களித்தவர், இருபத்துநாலு வருடம் கழித்தும் அதே கையை அதே பக்கம்தான் தூக்கினார். வெளியே வந்தபோது கூட்டம் அடிக்கப் பாய்ந்ததில் ஒரு டெலிபோன் கூண்டுக்குள் ஒளிந்துகொள்ள வேண்டியதாயிற்று. போலீஸ் வந்து கூட்டிப்போனது. அடுத்த தேர்தலில் அவர் நிற்கவேயில்லை. பிற்பாடு காந்தியின் வழியைத் தெரிந்துகொள்ள இந்தியாவுக்குப் பலமுறை வந்துபோனார்.

2001 செப்டம்பர் 14. இரட்டைக் கோபுரம் விழுந்த புகை அடங்கவில்லை. அதிபருக்கு வரம்பில்லாத போர் அதிகாரம் கொடுக்கும் தீர்மானம். ஆதரவு 420, எதிர்ப்பு 1. அந்த ஒன்று பார்பரா லீ. கொலை மிரட்டல் வந்தது. அதே தொகுதி மக்கள் அவரைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள்.

இவர்கள் செய்தது சரியா என்று வாதாடலாம். பேர்ல் ஹார்பருக்குப் பிறகும் போர் வேண்டாம் என்றது எனக்கே ஒப்புதலில்லை. ஆனால் யாரோடு வாதாடுகிறோம் என்பதாவது அங்கே தெரிகிறது. இங்கே வாதாட ஆளைத் தேடினால் வேட்டிக் கரை மட்டும்தான் தெரிகிறது.

அமெரிக்காவைக் கோயிலாக்கிக் கற்பூரம் காட்ட நான் உட்காரவில்லை. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளைச் சுட்டுக் கொன்றான் ஒருவன். நாலு மாதம் கழித்து, துப்பாக்கி வாங்குகிறவனின் பின்னணியைக் கொஞ்சம் விரிவாக விசாரிக்கலாமா என்ற சிறு திருத்தம் செனட்டுக்கு வந்தது. தேவை 60 வாக்கு, கிடைத்தது 54. குழந்தைகளின் சவப்பெட்டியைவிடத் துப்பாக்கிச் சங்கத்தின் நன்கொடைப்பெட்டி கனமாக இருந்திருக்கிறது. 2021 ஜனவரி 6-ஆம் தேதி இரவு, இந்த ஆளோடு என் பயணம் முடிந்தது என்கிற பாணியில் டிரம்ப்பைக் கைகழுவிப் பேசிய லிண்ட்ஸி கிரஹாம், அடுத்த மாதமே ஃப்ளோரிடா போய் அவரோடு கோல்ஃப் ஆடினார். டிரம்ப்பை எதிர்த்து நின்ற லிஸ் செனியை, 2022-இல் அவருடைய கட்சிக்காரர்களே உட்கட்சித் தேர்தலில் ஓட ஓட விரட்டினார்கள். அங்கேயும் விலை போகிறவன் உண்டு, காலில் விழுகிறவன் உண்டு. ஆனால் அந்த 46 எதிர்ப்பு வாக்கும் பெயரோடு பதிவாகி இருக்கிறது. திட்டுவதற்கு ஒரு முகவரி இருக்கிறது.

நமக்கு? நமக்கு 1985 இருக்கிறது.

1967-இல் ஹரியானாவில் கயா லால் என்ற சட்டமன்ற உறுப்பினர் பதினைந்து நாளில் மூன்று முறை கட்சி மாறினார். நாடே சிரித்தது. சிரித்து முடித்து, பதினெட்டு வருடம் யோசித்து, ராஜீவ் காந்தி காலத்தில் அரசியலமைப்பின் 52-ஆவது திருத்தமாகக் கட்சித் தாவல் தடைச் சட்டம் கொண்டுவந்தார்கள். கட்சி கொறடா சொன்னதை மீறி வாக்களித்தால் பதவி போகும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டையே கொளுத்திய கதை. விலைக்குப் போகிறவனைப் பிடிக்கக் கண்ணி வைத்தார்கள். அதில் மாட்டியது மனசாட்சி உள்ள ஒன்றிரண்டு பேர். ஜீனட் ரேங்கின் தமிழ்நாட்டில் இருந்து அந்த ஓட்டைப் போட்டிருந்தால், டெலிபோன் கூண்டிலிருந்து வெளியே வருவதற்குள் பேரவைத் தலைவரின் நோட்டீஸ் வந்திருக்கும்.

விலைக்குப் போகிறவர்கள் என்ன ஆனார்கள்? அவர்களுக்குச் சட்டத்திலேயே வழி வைத்திருக்கிறது. மூன்றில் இரண்டு பங்குப் பேர் சேர்ந்து போனால் அதற்குப் பெயர் இணைப்பு. சில்லறையாகத் தாவினால் குற்றம், மொத்தமாகத் தாவினால் கொள்கை. கோவாவில் 2022 தேர்தலுக்கு முன் காங்கிரஸ் வேட்பாளர்களைக் கோயில், தேவாலயம், தர்கா மூன்றுக்கும் கூட்டிப்போய், தாவமாட்டோம் என்று சத்தியம் வாங்கினார்கள். ஜெயித்த 11 பேரில் 8 பேர் அந்தச் செப்டம்பரிலேயே பா.ஜ.க.வுக்குப் போனார்கள். சத்தியம் என்னாச்சு என்று கேட்டதற்கு, அவர்களில் ஒருவரான முன்னாள் முதலமைச்சர் திகம்பர் காமத், கடவுளிடமே போய்க் கேட்டதாகவும் உனக்கு எது நல்லதோ அதைச் செய் என்று அவர் சொல்லிவிட்டதாகவும் விளக்கம் கொடுத்தார். கடவுளுக்குக் கொறடா கிடையாது போலிருக்கிறது.

நம் கதைக்கு வருவோம். 2017 பிப்ரவரியில் கூவத்தூர் சொகுசு விடுதியில், அன்று ஆளுங்கட்சியாக இருந்த அ.தி.மு.க.வின் சட்டமன்ற உறுப்பினர்களைக் கோழிக்குஞ்சை அடைப்பது போல் அடைத்து வைத்தார்கள். அங்கிருந்து நேரே பேரவைக்குக் கொண்டுவந்து 18-ஆம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பு. 122 பேர் ஆதரவு. ஓ. பன்னீர்செல்வமும் கூட இருந்தவர்களுமாகப் 11 பேர் எதிர்ப்பு. கொறடாவின் ஆணையை வெளிப்படையாக மீறியவர்கள் இந்த 11 பேர். ஆகஸ்டில் இரண்டு அணியும் சேர்ந்தன. பன்னீர்செல்வம் துணை முதலமைச்சர் ஆனார். மறுநாளே, தினகரன் பக்கம் நின்றவர்கள் ஆளுநரைப் பார்த்து, முதலமைச்சர் மீது நம்பிக்கையில்லை என்று கடிதம் கொடுத்தார்கள். அவர்கள் எந்த வாக்கெடுப்பிலும் எதையும் மீறவில்லை. அவர்களில் 18 பேரைப் பேரவைத் தலைவர் தனபால் செப்டம்பர் 18-ஆம் தேதி தகுதிநீக்கம் செய்தார். எங்கள் பக்கத்துத் தொகுதி சாத்தூரும் அதில் ஒன்று. 2018 அக்டோபரில் உயர் நீதிமன்றம் அதைச் சரி என்றது. 2019 ஏப்ரல் இடைத்தேர்தல் வரை சாத்தூர்க்காரர்களுக்குச் சட்டமன்றத்தில் ஆளே இல்லை.

எதிர்த்து ஓட்டுப் போட்ட 11 பேர் 2021 வரை சுகமாக உட்கார்ந்திருந்தார்கள். கடிதம் எழுதியவர்கள் வீட்டுக்குப் போனார்கள். சட்டம் ஒன்றுதான், அதைப் படிக்கிற கண்ணாடி வேறு. அந்த 18 பேரும் கொள்கைக் குன்றுகள் என்று நான் சொல்லவில்லை. கூவத்தூரில் அவர்களும்தான் சாப்பிட்டார்கள்.

இந்த நாடகத்தின் நடுவே, 2017 ஜூலையில், நம் விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்திருந்தபோது, உறுப்பினர்களின் மாத ஊதியம் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மனசாட்சியைப் பூட்டி வைக்க வாடகை வேண்டாமா?

*

2019 டிசம்பர் 11. மாநிலங்களவையில் குடியுரிமைத் திருத்த மசோதா. ஆதரவு 125, எதிர்ப்பு 105. அந்த 125-இல் அ.தி.மு.க.வின் 11, பா.ம.க.வின் 1. இந்தப் 12 பேர் எழுந்து மறுபக்கம் நின்றிருந்தால் கணக்கு 113-க்கு 117. மசோதா தோற்றிருக்கும். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களுக்குக் கதவு திறந்த அந்தச் சட்டத்தில் இலங்கை என்ற சொல்லுக்கு இடமில்லை. எங்கள் விருதுநகர் மாவட்டத்திலேயே குல்லூர்சந்தையில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்கே பிறந்து, இங்கே பள்ளிக்கூடம் போய், இங்கே கல்யாணம் முடித்தவர்கள் இன்னும் வெளிநாட்டுக்காரர்கள். அவர்களைக் கதவுக்கு வெளியே நிறுத்தி மசோதாவை நிறைவேற்றியது தமிழ்நாட்டு வாக்கு.

2021 மார்ச்சில் அதே அ.தி.மு.க. தேர்தல் அறிக்கை வெளியிட்டது. குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைக் கைவிட மத்திய அரசை வலியுறுத்துவோம் என்று அதில் இருந்தது. பதினைந்து மாதத்துக்கு முன் தன் கையால் பெற்ற பிள்ளையைக் கொன்றுவிடுங்கள் என்று அடுத்தவனிடம் மனு. அதே அறிக்கையில் வீட்டுக்கு ஒரு வாஷிங் மெஷினும் இருந்தது. எதைத் துவைக்க என்று எழுதவில்லை.

தி.மு.க.வினர் சிரிக்க வேண்டாம். சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டைக் கடுமையாக எதிர்க்கிறோம் என்று மேடை மேடையாய்ப் பேசி, 2012 டிசம்பரில் மக்களவையில் வாக்கெடுப்பு வந்தபோது அதை ஆதரிக்கும் பக்கம் போய் நின்றவர்கள் நீங்கள். எதிர்ப்பு மனசுக்குள், ஓட்டு மன்மோகனுக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர் உங்கள் மனசைத் திறந்து பார்த்தா கடையைக் காப்பாற்ற முடியும்?

சிவகாசி மக்களவைத் தொகுதி என்று ஒன்று இருந்த காலம். வைகோ அங்கே எம்.பி.; பா.ஜ.க. கூட்டணியில் இருந்தார். 2002-இல் பொடா சட்டத்தை அவரும் ஆதரித்தார். தவறாகப் பயன்படாது என்று நம்பினாராம். அந்த ஜூலையிலேயே, திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக அதே பொடாவில் ஜெயலலிதா அரசு அவரைக் கைது செய்தது. 19 மாதம் வேலூர் சிறை. இங்கே கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் அந்த 19 மாதத்தில் அவர் வளையவில்லை. பேசியதைப் பேசவில்லை என்று சொல்லி வெளியே வந்திருக்கலாம், வரவில்லை. அதற்கு ஒரு கும்பிடு. 2006-இல், சிறையில் போட்டவரோடு கூட்டணி. அந்தக் கும்பிட்ட கையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் சிவகாசிக்காரர்கள் முழித்தார்கள்.

கே.டி. ராஜேந்திர பாலாஜி பால்வளத்துறை அமைச்சராக இருந்தபோது, அம்மா இல்லாத நேரத்தில் மோடிதான் எங்கள் டாடி என்றார். அமைச்சரின் அரசியல் நம்பிக்கை இவ்வளவு தெளிவாக வெளிப்பட்டது இந்த மாவட்ட வரலாற்றிலேயே அன்றுதான். 2021-இல் ராஜபாளையத்துக்கு வந்து நின்றார். ராஜபாளையம் எனக்கு வேறு அப்பா இருக்கிறார் என்று அனுப்பிவிட்டது. 2023 செப்டம்பரில் அவர் கட்சி டாடியோடு உறவை முறித்தது. 2025 ஏப்ரலில் டாடி வீடு திரும்பினார். குடும்பம் என்றால் இதெல்லாம் சகஜம்.

விசுவாசத்துக்கு என்ன கூலி என்று தெரிய வேண்டுமானால் ஸ்ரீவில்லிபுத்தூர் தாமரைக்கனியைப் பார்க்க வேண்டும். 1996-இல் அ.தி.மு.க. மாநிலம் முழுவதும் நாலே இடத்தில் ஜெயித்தபோது அதில் ஒன்று இவருடையது. 1999-இல் பேரவைக்குள்ளேயே வேளாண் அமைச்சர் வீரபாண்டி ஆறுமுகத்தின் முகத்தில் குத்தி ரத்தம் வரவைத்தார், சிறைக்கும் போனார். அது அசிங்கம். ஆனால் கட்சிக்காகச் செய்த அசிங்கம். 2001-இல் கட்சி அவருக்குச் சீட்டு கொடுக்கவில்லை, அவர் மகன் இன்பத்தமிழனுக்குக் கொடுத்தது. அப்பா சுயேச்சையாக மகனை எதிர்த்து நின்றார். மகன் ஜெயித்து அமைச்சரானார். ஒரு வீட்டுக் கூடத்தில் ரத்த உறவையும் கரை வேட்டியையும் எதிரெதிரே நிறுத்தி, எது பெரிது என்று கேட்டுப் பார்த்தார்கள். வேட்டி ஜெயித்தது.

பிறகு தொகுதி மறுசீரமைப்பில் ஸ்ரீவில்லிபுத்தூர் தனித்தொகுதி ஆனது. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடருக்கு 44 தனித்தொகுதிகள். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் ஆதிதிராவிடர் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தார்கள். 2025 ஜனவரியில், பாதிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த மூன்று பேர் மீதே குற்றப்பத்திரிகை வந்தது. இந்த 44 பேரும் கட்சி வேலியைத் தாண்டி, ஒரே நேரத்தில், ஒரே வரிசையில் எழுந்து நின்ற காட்சி ஒன்றைக் காட்டுங்கள். எழுந்தால் நாற்காலி இருக்காது. 1932 பூனா ஒப்பந்தத்துக்குப் பிறகு அம்பேத்கர் எதை நினைத்துப் பொருமினாரோ அதைத்தான் 52-ஆவது திருத்தம் முத்திரை குத்திக் கொடுத்தது: ஆள் உன் ஆள், வாய் கட்சியின் வாய்.

முத்திரை என்றதும் நினைவு வருகிறது. தமிழ்நாடு அரசு முத்திரையில் நிற்பது எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் என்று நாங்கள் சொல்லிப் பெருமைப்பட்டோம். வரைந்த ஓவியர் கிருஷ்ணாராவோ அது மதுரை மீனாட்சி கோயில் மேற்குக் கோபுரம் என்றார். கோபுரமே கட்சி மாறிவிட்டால் எம்.எல்.ஏ.வை என்ன சொல்வது?

இதே மண்ணிலிருந்து பி.எஸ். குமாரசாமி ராஜா என்று ஒருவர் 1949-இல் சென்னை மாகாணத்தின் முதன்மையமைச்சர் ஆனார். 1952 தேர்தலில், பதவியில் இருந்துகொண்டே தோற்றார். தோற்றவர் பேசாமல் இறங்கிப் போனார். தான் வாழ்ந்த வீட்டை ராஜபாளையத்தில் காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். இன்று பதவிக்கு வந்த பிறகு வீடு கைமாறும் திசை வேறு. சரி, அவர் காலம் பொற்காலம் என்று பெருமூச்சு விடுவோமா என்றால், விடவும் வழியில்லை. அவர் இறங்கிய கையோடு, 375 இடத்தில் 152 மட்டுமே வைத்திருந்த காங்கிரஸ், தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை மேலவைக்கு நியமனம் செய்து முதலமைச்சராக்கியது. காங்கிரஸை எதிர்த்து ஓட்டு வாங்கி வந்த காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் அதே காங்கிரஸ் மந்திரிசபையில் அமைச்சரானார். ராஜாஜியைவிட ஒழுக்கம் பேசியவர் உண்டா? சந்தையைத் திறந்து வைத்தது அவர் கைதான். கயா லால் பாவம், பதினைந்து வருடம் தாமதமாக வந்த வியாபாரி.

சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வானபோது நாமும் கைதட்டினோம். 2019 டிசம்பரில் அவர் காஷ்மீரில் கட்டுப்பாடுகளைத் தளர்த்தச் சொல்லித் தீர்மானம் கொண்டுவந்தார். வாஷிங்டன் போன நம் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர், அந்த அம்மாள் இருக்கும் அறைக்கு வரமாட்டேன் என்று சந்திப்பையே ரத்து செய்தார். அந்தத் தீர்மானம் சரியா தப்பா என்பது கிடக்கட்டும். மசோதாவுக்கு மசோதா தலையாட்டும் மந்தையைப் பார்த்தே பழகியவருக்கு, சொந்தமாகக் கருத்து வைத்திருக்கிற ஒரு உறுப்பினர் எதிரே உட்கார்ந்திருப்பது மூச்சு முட்டத்தானே செய்யும்.

ஆகவே ஒரு யோசனை சொல்கிறேன். 234 பேர் எதற்கு? கட்சிக்கு ஒருவர் போதும். அவர் கழுத்தில் ஓர் அட்டை: 133, 66, 18, அவரவர் கட்சியின் 2021 கணக்கு. மசோதா வந்தால் அட்டையைத் தூக்கிக் காட்டட்டும். கூட்டிக் கழித்தால் அரை நிமிடத்தில் முடிந்தது. 234 பேருக்கும் மாதம் 1,05,000 ரூபாய் வீதம் 2 கோடியே 45 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய் ஆகிறது. அதில் பெரும்பகுதி மிச்சம். கூவத்தூர் வாடகை மிச்சம். தாவல் வழக்கு, நீதிமன்றச் செலவு மிச்சம். மற்றவர்கள் தொகுதியிலேயே இருந்து காதுகுத்துக்கும் கருமாதிக்கும் போகட்டும். தொகுதி மேம்பாட்டு நிதியில் நிழற்குடை கட்டி, ஊர்ப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் தங்கள் பெயரை எழுதிக்கொள்ளட்டும். அந்த வேலையில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை, மனசாரச் சொல்கிறேன். வாக்காளர்களாகிய நமக்கும் நஷ்டமில்லை. ஆர்.கே. நகரில் 20 ரூபாய் நோட்டை டோக்கனாக வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தபோதே, வேட்பாளரின் கருத்தை நாம் கேட்கமாட்டோம் என்று எழுதிக் கொடுத்தாயிற்று.

பேரவையில் காலியாகும் மேசைகளை என்ன செய்வது என்று கேட்பீர்கள். தட்டித் தட்டி வழவழப்பான நல்ல மரம். அரசுப் பள்ளிகளுக்கு அனுப்பிவிடலாம். அங்கே பையன்கள் காம்பஸ் முனையால் அதில் தங்கள் பெயரையாவது கீறி வைப்பார்கள்.